வீட்டு போனுக்கு வெளிநாட்டுக் கோல் பில் வந்தால்: ரெண்டு சைபரில இருந்து தொடங்குங்கோ

எங்கட வீட்டு போன் பில் வழமையா ஆயிரத்துக்கு அங்கால இங்கால தான் வரும். போன மாரி முடிஞ்ச கையோட வந்த பில்லில 11,840 ரூபா எண்டு கிடந்தது. விசுவமடுவில தபால்காரர் கொண்டந்து குடுத்த பில்லை அம்மம்மா வாங்கி சாமித்தட்டில வைச்சிட்டா, நான் வவுனியாவில வேலை, சனிக்கிழமை வீட்ட வந்து திருநீறு எடுக்கப் போகேக்க தான் கண்டது, பாத்தால் கட்டுற கடைசித் திகதிக்கு அஞ்சு நாள் தான் மிச்சம். பிறகு ஏழு கிழமை அலைஞ்சன். செய்யக்கூடாத பிழை முழுக்கச் செய்தன், பில்லை மட்டும் கையில பிடிச்சுக்கொண்டு கவுண்டரில போய்ச் சத்தம் போட்டது உட்பட. அதில ஒண்டும் நடக்கேல்லை, பின்னால வரிசையில நிண்ட சனம் வேடிக்கை பாத்தது தான் மிச்சம்.

உங்களுக்கும் இப்பிடி ஒரு பில் வந்திருந்தால் நான் கீழ எழுதியிருக்கிற ஒழுங்கிலயே செய்யுங்கோ. ஒழுங்கு முக்கியம். முதலாவதை விட்டிட்டு மூண்டாவதுக்குப் போனால் காசு இன்னும் ஓடும்.

1. பில்லை வாசிக்க முதல் லைனைப் பூட்டுங்கோ

பில்லில இருக்கிறது போன மாசக் கணக்கு. பில் அடிச்ச திகதிக்குப் பிறகு போன கோல் எல்லாம் அடுத்த பில்லில வரும். அதாவது பில் உங்கட கைக்கு வரேக்கயே அடுத்த பில் பாதி நிரம்பியிருக்கும், எங்கட பக்கம் தபால் வரவே ஒரு கிழமை பத்து நாள் பிந்தும். அதால பில்லைக் கண்ட அண்டைக்கே, அந்த மணித்தியாலமே, பில்லில இருக்கிற வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அடிச்சு "ஐடிடியை நிப்பாட்டிவிடுங்கோ, உள்நாட்டு கோல் மட்டும் போதும்" எண்டு சொல்லுங்கோ. ஐடிடி எண்டுறது இஞ்ச இருந்து நேர வெளிநாட்டுக்கு அடிக்கிற வசதி. அதை நிப்பாட்டினாலும் வெளிநாட்டில இருந்து வாற கோல் வழமை போல வரும், அதுக்குக் காசும் இல்லை. இதை வீட்டில இருக்கிற பெரியாக்களுக்கு முதலே விளங்கப்படுத்துங்கோ, எங்கட அம்மம்மா "இனி கனடாவில இருந்து மாமா எடுக்கேலாதோ" எண்டு ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவ.

கதைக்கேக்க ரெண்டு விஷயம் கேட்டு கொப்பியில எழுதுங்கோ. ஒண்டு முறைப்பாட்டு இலக்கம், தரேல்லை எண்டால் விடாமல் கேளுங்கோ. மற்றது கதைச்ச ஆளின்ர பேர், கதைச்ச திகதி, நேரம். பிறகு அடுத்த மாசமும் ஐடிடி கோல் ஏறி வந்தால் "இந்தத் திகதியில பூட்டச் சொன்னனான்" எண்டு காட்ட இதுதான் ஒரே ஆதாரம். நான் முதல் தரம் எடுக்கேக்க இதைக் கேக்கேல்லை. ரெண்டாந்தரம் எடுக்கேக்க "அப்பிடி ஒரு முறைப்பாடு பதியப்படேல்லையே" எண்டினம்.

2. கோல் விபரம் எடுங்கோ

பில்லின்ர முன்பக்கத்தில "சர்வதேச அழைப்புகள்" எண்டு ஒரே ஒரு வரியில ஒரு மொத்தக் காசு கிடக்கும். அதை வைச்சு ஒண்டும் கதைக்கேலாது. உங்களுக்குத் தேவை ஒவ்வொரு கோலையும் தனித்தனியாக் காட்டுற பட்டியல்: திகதி, எடுத்த நேரம், எடுத்த நம்பர், எத்தினை நிமிஷம், எவ்வளவு காசு. சிலருக்கு பில்லோடயே வரும், சிலருக்குக் கேட்டால் தான் தருவினம், ஒன்லைனில கணக்குத் திறந்தால் போனிலயே பாக்கலாம். கவுண்டரில கேட்டால் லைன் ஆற்ற பேரில இருக்கோ அந்த ஆள் வரவேணும், இல்லாட்டி அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். அந்தத் தலையிடியை ஆறாவதில சொல்லுறன்.

கையில கிடைச்ச உடன ஒரு போட்டோகொப்பி எடுத்து, மூலத்தை பத்திரப்படுத்திப்போட்டு கொப்பியில கீறிக் குறிச்சு வேலை செய்யுங்கோ.

எங்கட பட்டியலில நாலு கோல் இருந்தது. ஒரே நாள். காலம 6.10க்கு 11 நிமிஷம், 6.23க்கு 14 நிமிஷம், பின்னேரம் 7.05க்கு 8 நிமிஷம், 7.15க்கு 14 நிமிஷம். மொத்தம் 47 நிமிஷம், நாலும் ஒரே நம்பருக்கு. வரிகளையும் சேர்த்தால் பத்தாயிரத்துக்கு மேல. வற் மட்டுமே 2024 தொடக்கம் 18 வீதம், அதைவிட தொலைத்தொடர்பு வரியும் இருக்கு, அதால பட்டியலில இருக்கிற கோல் காசைக் கூட்டினால் முன்பக்கத்து மொத்தத்தோட ஒத்துவராது, அதைப் பாத்து "கணக்கும் பிழை" எண்டு இன்னொரு சண்டை தொடங்காதேங்கோ. நான் தொடங்கினனான்.

3. நம்பரைப் படிக்கப் பழகுங்கோ

இந்தப் பகுதியை ஆறுதலா வாசியுங்கோ, முழு விஷயமும் இதுக்குள்ள தான் இருக்கு.

இலங்கைக்குள்ள ஒரு நம்பர் எண்டால் ஒரு சைபரில தொடங்கும், மொத்தம் 10 இலக்கம். 021 யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம். 023 மன்னார். 024 வவுனியா. கைபோன் எண்டால் 07இல தொடங்கும், அதுவும் 10 தான். ரெண்டு சைபரில தொடங்கினால் வெளிநாடு. இவ்வளவு தான் விதி, ஆனால் மிஸ்ட் கோலைப் பாக்கேக்க ஒருத்தரும் இலக்கத்தை எண்ணிப் பாக்கிறேல்லை, முன்னுக்கு இருக்கிற நாலைஞ்சு இலக்கத்தைப் பாத்திட்டு "ஓ இது யாழ்ப்பாணம்" எண்டு திருப்பி எடுக்கிறது.

இப்ப இதைப் பாருங்கோ. 00216 எண்டால் துனிசியா, ஆபிரிக்காவின்ர வடக்கில. கண்ணுக்கு 021 மாதிரிக் கிடக்கும். 00232 சியரா லியோன், பாத்தால் மன்னார் 023. 00242உம் 00243உம் ரெண்டு கொங்கோவும், பாத்தால் வவுனியா 024. சில போனில முன்னுக்கிருக்கிற ஒரு சைபரோ ரெண்டு சைபருமோ விழாமல் வரும், அப்ப இன்னும் மோசம். அதால முன்னுக்குப் பாக்காதேங்கோ, எண்ணுங்கோ. 10க்கு மேல இருந்தால் திருப்பி எடுக்கிற வேலையே வைக்காதேங்கோ.

எங்கட வீட்டில நடந்தது இதைவிடக் கெட்டித்தனமான ஒண்டு. எங்கட சனம் கன பேருக்கு கனடா நம்பர் மனப்பாடம். 001 போட்டு 416, 647, 437 எண்டால் ரொறன்ரோ, 905, 289 எண்டால் அதைச் சுத்தின இடங்கள், 514, 438 மொன்றியல். ஆனால் 001 எண்டுறது கனடாவுக்கு மட்டும் சொந்தமில்லை, அமெரிக்காவும் கரீபியன் தீவுகள் கனக்கவும் அதே 001க்குள்ள தான் இருக்குதுகள். அந்தத் தீவுகளுக்கு எடுக்கிற ரேற் கனடா ரேற்றை விடப் பல மடங்கு. 647 ரொறன்ரோ, 649 ரேக்ஸ் அன்ட் கைகோஸ் தீவு. 437 ரொறன்ரோ, 473 கிரெனடா. 289 ரொறன்ரோவுக்குப் பக்கம், 284 பிரிட்டிஷ் வேர்ஜின் தீவுகள். ஒரு இலக்கம் மாறினால், இல்லாட்டி ரெண்டு இலக்கம் இடம் மாறினால், நீங்கள் எடுக்கிறது ஸ்காபரோவுக்கு இல்லை, கடலுக்கு நடுவில இருக்கிற ஒரு தீவுக்கு. இதோட 268 அன்ரிகுவா, 664 மொன்செராட், 809 டொமினிக்கன் குடியரசு, 876 ஜமேக்கா. இதுகளில உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் அது வேற கதை.

எங்கட மாமாவின்ர நம்பர் 001 647இல தொடங்கும். அம்மம்மாவின்ர போன் தையல் மிசினுக்குப் பக்கத்தில, மேல பின்னல் துணி போட்டு இருக்கும், டிஸ்பிளே மங்கிப்போய் ஏழும் ஒன்பதும் ஒரே மாதிரித்தான் தெரியும், நீள நம்பர் எண்டால் ஓடி ஓடித்தான் காட்டும். விடிய எழும்பி வர ஒரு மிஸ்ட் கோல். 001 64 வரைக்கும் பாத்திருக்கிறா, அங்க இப்ப இரவு, பெடியன் ஏதோ அவசரத்துக்குத் தான் எடுத்திருக்கிறான் எண்டு நினைச்சு, திருப்பி எடுக்கிற பட்டனை அமத்திப்போட்டா. அங்கால மணி அடிக்கிற சத்தம் கேட்டிருக்கு, பிறகு ஒரு பாட்டு, பிறகு ஒரு பொம்பிளை இங்கிலீசில ஏதோ சொல்லியிருக்கிறா, பிறகும் மணிச் சத்தம். அம்மம்மா ரிசீவரை மிசினுக்கு மேல வைச்சிட்டு கோழிக்கூடு திறந்துவிடப் போயிருக்கிறா. காலம 6.23க்குப் போன 14 நிமிஷம் அதுதான்.

அந்த மணிச் சத்தமே பொய். கோல் ஏற்கனவே எடுபட்டு காசு ஓடத் தொடங்கியிட்டுது, எங்களைப் பிடிச்சு வைச்சிருக்கத்தான் அந்தச் சத்தத்தைப் போடுறாங்கள். இப்பிடி ஒருக்கா அடிச்சு வெட்டி, திருப்பி எடுக்க வைக்கிற களவுக்கு வாங்கிரி எண்டு யப்பான் மொழியில பேர், அர்த்தமும் அதுதான், ஒருக்கா அடிச்சு வெட்டுறது. பேருக்கேத்த மாதிரி வாங்கிக் கட்டினது நாங்கள். நீங்கள் கட்டுற காசில ஒரு பங்கு அந்த நம்பரை வைச்சிருக்கிறவனுக்குப் போகும். இதை ஏன் சொல்லுறன் எண்டால், உங்கட கொம்பனியும் அந்தக் கோலைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுக்கு வெளிநாட்டுக் கொம்பனிக்குக் காசு குடுக்கவேண்டி வரும், அதால தான் முழுசாக் கழிக்க மாட்டம் எண்டு பிடிவாதம் பிடிக்கினம். கதைக்கப் போகேக்க இது தெரிஞ்சிருந்தால் எதைக் கேக்கிறது எண்டு ஒரு அளவு வரும்.

இன்னும் ஒரு சாதி நம்பர் இருக்கு, 00870, 00881, 00882. இதுக்கு நாடே இல்லை, முதல் ரெண்டும் சற்றலைற் போன், மற்றது சர்வதேச வலையமைப்புகள். பட்டியலில இதுகள் இருந்தால் வீட்டில ஆரும் தெரிஞ்சு எடுத்திருக்கச் சந்தர்ப்பம் குறைவு, நேர அஞ்சாவதுக்குப் போங்கோ.

4. வீட்டுக்குள்ள விசாரியுங்கோ, ஆனால் பொலிஸ் மாதிரி இல்லை

"ஆர் எடுத்தது?" எண்டு கேட்டால் ஒருத்தரும் சொல்ல மாட்டினம். நேரத்தை வைச்சுக் கேளுங்கோ. அந்தத் திகதியில என்ன நடந்தது, ஆர் வீட்ட நிண்டது, கரண்ட் இருந்ததோ, கோயில் திருவிழாவோ, நெல்லுக் காயப்போட்ட நாளோ. எங்கட அம்மம்மா நாள்காட்டித் தாளில பால் கணக்கு எழுதுறவ, அந்தத் தாளைப் புரட்டிப் பாத்தாப் பிறகு தான் "ஓ மோனை, அண்டைக்குத் தானே அவன் அடிச்சவன், நான் திருப்பி எடுக்காட்டி என்ன நினைப்பான்" எண்டு வாய் திறந்தா. திட்டாதேங்கோ. திட்டினால் அடுத்த தரம் மறைப்பினம்.

அயல் வீட்டுச் சனம் வந்து "ஒரு கோல் எடுக்கட்டோ" எண்டு கேக்கிறது எங்கட ஊரில இண்டைக்கும் இருக்கு. ஆரும் நம்பர் எழுதின துண்டோட வந்து எடுத்ததோ எண்டும் கேளுங்கோ. பட்டியலில லண்டன், பாரிஸ், சுவிஸ் எண்டு தெரிஞ்ச நாடுகள் இருந்தால் பெரும்பாலும் இதுதான். பல நாடுகளுக்கு வீட்டு போனுக்கு ஒரு ரேற், கைபோனுக்கு வேற ரேற், "லண்டன் மலிவு தானே" எண்டு நினைச்சு அரை மணித்தியாலம் கைபோனுக்குக் கதைச்சிருப்பினம்.

5. வீட்டில ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டு உறுதியாத் தெரிஞ்சால்

செப்பு வயர் லைன் எண்டால், ரோட்டில போன் கம்பத்தில இருக்கிற பெட்டியில இருந்து உங்கட கூரை வரைக்கும் வயரை ஒருக்காக் கண்ணால பாத்துக்கொண்டு நடவுங்கோ. இடையில ஆரும் கொழுவியிருக்கினமோ, தோல் உரிச்ச இடம் இருக்கோ எண்டு. எங்கட பக்கம் குரங்கு தொங்கி வயர் அறுக்கிறது வழமை, அதை ஒட்டிச் சரிபண்ணின இடத்தையும் கண்டிட்டு களவு எண்டு நினைக்காதேங்கோ. ஏதும் கண்டால் கை வைக்காதேங்கோ, படம் எடுத்திட்டு கொம்பனிக்கு அறிவியுங்கோ, அவையின்ர ஆள் வந்து பாத்து எழுதித் தாற துண்டு தான் பெறுமதியானது.

பைபர் லைன் எண்டால் போன் வயர் ரவுட்டருக்குப் பின்னால தான் கொழுவியிருக்கும். ரவுட்டரின்ர பாஸ்வேர்டை, பூட்டேக்க போட்டுத் தந்தபடியே விட்டிருந்தால் இண்டைக்கே மாத்துங்கோ. வைபை பாஸ்வேர்ட் வேற, ரவுட்டருக்குள்ள போற பாஸ்வேர்ட் வேற, ரெண்டையும் மாத்தவேணும். சிம் போட்ட மேசைப் போன் எண்டால் சிம்மைக் கழட்டி வேற போனில போட்டு எடுக்கேலும், வீடு பூட்டியிருந்த நாளில கோல் போயிருந்தால் போனைத் திறந்து சிம் இருக்கோ எண்டு பாருங்கோ.

கோல் போர்வேர்ட் எண்டு ஒண்டு இருக்கு, உங்கட நம்பருக்கு வாற கோலை வேற நம்பருக்குத் திருப்பிவிடுறது. திருப்பிவிட்ட நம்பர் வெளிநாடு எண்டால் உங்கட நம்பரில இருந்து அங்க போற கோலுக்குக் காசு உங்கட தலையில. ஆராவது "கொம்பனியில இருந்து கதைக்கிறம், லைன் செக் பண்ணவேணும், ஸ்ரார் அமத்தி இந்த இலக்கத்தை அடியுங்கோ" எண்டு சொன்னால் அடிக்காதேங்கோ. ஏற்கனவே அடிச்சிருந்தால் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுத்து, போர்வேர்ட் ஏதும் போட்டிருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ.

கடை, சங்கம், லொட்ஜ் வைச்சிருக்கிறவைக்கு: உள்ளுக்குள்ள எக்ஸ்ரென்ஷன் போட்ட பெட்டி இருந்தால் அதுக்குள்ள வெளியில இருந்து பூந்து ராவு ராவா வெளிநாட்டுக்கு எடுக்கிற களவு இருக்கு, சனி ஞாயிறில, விடியப்புறத்தில கோல் போயிருந்தால் அதுதான். அந்தப் பெட்டியைப் பூட்டின ஆளைக் கூப்பிடாமல் வேற வேலை செய்யாதேங்கோ.

6. கடுதாசிகள்

கவுண்டருக்குப் போக முதல் இவ்வளவையும் ஒரு பைலில போடுங்கோ. பில் மூலமும் ரெண்டு கொப்பியும். கோல் விபரப் பட்டியல், பிரச்சினையான கோலை பேனையால வளைச்சது. அதுக்கு முதல் மூண்டு நாலு மாசத்து பில் கொப்பி, "எங்கட வழமையான பாவனை இவ்வளவு தான்" எண்டு காட்ட, இது கனக்க உதவும், பழைய பில்லை எறியிற ஆக்கள் இனி எறியாதேங்கோ. லைன் ஆற்ற பேரிலயோ அவரின்ர ஐசி, அதாவது அடையாள அட்டை, கொப்பி. மிஸ்ட் கோல் நம்பர் இன்னும் போனில கிடந்தால் டிஸ்பிளேயைக் கைபோனால எடுத்த படம். பிறகு கடிதம்.

பேர் விஷயம் தான் எங்களுக்குப் பெரிய பொறி. எங்கட லைன் அம்மப்பாவின்ர பேரில, அவர் செத்து ஆறு வருஷம். பேரை மாத்தவேணும் எண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை. எங்கட பக்கம் முக்கால்வாசி வீட்டில இதுதான் நிலைமை, லைன் எடுத்தவர் செத்திட்டார், இல்லாட்டி வெளிநாடு, இல்லாட்டி எங்க எண்டே தெரியாது. அவர் வெளிநாடு எண்டால் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதமும் அவரின்ர ஐசி இல்லாட்டி பாஸ்போட் கொப்பியும் எடுப்பியுங்கோ, படம் எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்பினதை ஏற்பினமோ எண்டு முதலே கேட்டுக்கொள்ளுங்கோ. செத்திட்டார் எண்டால் மரணச் சான்றிதழ், நீங்கள் ஆர் எண்டு காட்ட கலியாண எழுத்தோ பிறப்புச் சான்றிதழோ, அதோட ஜிஎஸ், அதாவது கிராம சேவகர், தாற கடிதம். எங்களட்டக் கேட்டது இவ்வளவும். ஜிஎஸ்சைச் சந்திக்க மட்டும் எனக்கு ரெண்டு கிழமை போனது, அவர் கந்தோரில நிக்கிற நாளை விசாரிச்சுப் போங்கோ. பேர் மாத்துற வேலையையும் முறைப்பாட்டையும் ஒரே நாளில தொடங்கலாம், ஆனால் பேர் மாத்தி முடியட்டும் எண்டு முறைப்பாட்டைப் பிந்தப் போடாதேங்கோ. நான் பிந்தப் போட்டதால தான் கடைசித் திகதி தாண்டினது.

கடிதம் தமிழில தாராளமா எழுதலாம். சுருக்கமா எழுதுங்கோ, அம்மம்மா கதை எல்லாம் வேண்டாம். நான் மூண்டாந்தரம் எழுதி சரிவந்தது கிட்டத்தட்ட இப்பிடி:

"மேற்படி தொலைபேசி இலக்கத்துக்குரிய பட்டியலில் காணப்படும் 4 சர்வதேச அழைப்புகள் தொடர்பாக ஆட்சேபனை தெரிவிக்கின்றேன். தவறிய அழைப்பு ஒன்றை நம்பித் திருப்பி எடுத்ததால் இவை ஏற்பட்டன. இதற்கு முந்திய மாதங்களில் இவ்விலக்கத்திலிருந்து எவ்விதச் சர்வதேச அழைப்பும் மேற்கொள்ளப்படவில்லை (பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன). இவ்வழைப்புகளை விசாரித்து எழுத்தில் பதிலளிக்குமாறும், விசாரணை முடியும்வரை இத்தொகைக்காக இணைப்பைத் துண்டிக்காதிருக்குமாறும், சர்வதேச அழைப்பு வசதியை நிரந்தரமாக நிறுத்துமாறும் கேட்டுக்கொள்கின்றேன்."

பொய் எழுதாதேங்கோ. "நாங்கள் எடுக்கேல்லை" எண்டு நான் முதல் கடிதத்தில எழுதினன், அவையின்ர கணக்கில எங்கட போனில இருந்து தான் போனது எண்டு வடிவாத் தெரியும், பிறகு நான் சொன்ன உண்மையையும் நம்பேல்லை.

7. கவுண்டரில

திங்கக்கிழமையும் மாசக் கடைசியும் போகாதேங்கோ, பில் கட்டுற சனம் நிறைஞ்சிருக்கும். காலம வெள்ளனப் போங்கோ. கடிதத்தின்ர ரெண்டாம் கொப்பியில திகதியோட சீல் அடிச்சு வாங்குங்கோ, சீல் அடிக்க மாட்டம் எண்டால் சண்டை பிடிக்காமல் வெளியில வந்து தபாற்கந்தோரில பதிவுத் தபாலில போட்டிட்டு அந்தத் துண்டை பில்லோட குத்தி வையுங்கோ. அது சீலுக்குச் சமன்.

கவுண்டரில இருக்கிற பிள்ளைக்கு காசு கழிக்கிற அதிகாரம் இல்லை. அந்தப் பிள்ளையோட கத்தி என்ன பிரியோசனம். "இதை முடிவெடுக்கிற ஆளைச் சந்திக்கலாமோ, இல்லாட்டி ஆருக்கு அனுப்புவியள்" எண்டு கேளுங்கோ. "கிழமைக்குள்ள கோல் எடுப்பம்" எண்டு சொன்னால் எந்தத் திகதி எண்டு கேட்டு அவையின்ர முன்னாலயே எழுதுங்கோ. எழுதுறதைக் கண்டால் கதை மாறும், நான் கண்ட அனுபவம்.

8. காசு

முழு பில்லையும் கட்டாமல் விடாதேங்கோ. இதுதான் கன பேர் விழுற கிடங்கு. கட்டாட்டி லைன் வெட்டுவினம், அதே லைனில இன்ரநெற் இருந்தால் அதுவும் போகும், திருப்பிக் குடுக்கத் தனிக் காசு கேக்கலாம், அதோட உங்கட முறைப்பாடும் "கட்டாத ஆள்" கணக்கில போயிடும். செய்யவேண்டியது, ஐடிடி கோலையும் அதுக்குரிய வரியையும் கழிச்சு வாற வழமையான காசைக் கடைசித் திகதிக்கு முதல் கட்டி றிசீற் எடுக்கிறது. மிச்சம் முறைப்பாட்டில இருக்கு எண்டு கடிதத்திலயும் எழுதுங்கோ.

கேக்கேக்க ஒரு படியாக் கேளுங்கோ. முதல்ல முழுக்கக் கழிக்கச் சொல்லி. இல்லை எண்டால், முதல் தரம் நடந்த பிழை எண்டு பாத்து ஒரு பங்கு. அதுவும் இல்லை எண்டால் தவணை. எங்களுக்கு 3,000 கழிச்சு, மிச்சத்தை மூண்டு மாசமாக் கட்ட விட்டினம். அந்த முடிவையும் எழுத்தில வாங்கினன், ஏனெண்டால் தவணை குடுத்தது பில் அடிக்கிற கொம்பியூட்டருக்குத் தெரியாது, அடுத்த மாசம் "நிலுவை, உடன் செலுத்தவும்" எண்டு சிவப்பு எழுத்தில வந்தது.

என்ர செலவு: வவுனியாவில இருந்து கிளிநொச்சிக்கு நாலு தரம் பஸ், போட்டோகொப்பி, பதிவுத் தபால், எல்லாம் சேர ரெண்டாயிரத்துக்குக் கிட்ட, அதோட ரெண்டு அரை நாள் லீவு. கழிச்சது மூவாயிரம். கணக்குப் பாத்தால் சிரிப்புத் தான் வரும். உங்கட பில் மூவாயிரம் நாலாயிரம் எண்டால் நேர போகாமல் போனிலயும் பதிவுத் தபாலிலயும் முடிக்கப் பாருங்கோ.

9. கொம்பனி கைவிரிச்சால்

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொழும்பு 8, எல்விற்றிகல மாவத்தையில இருக்கு, 1900 எண்ட இலக்கத்துக்கு எடுத்து விபரம் கேக்கலாம். கொழும்புக்கு அலையத் தேவையில்லை. ஆனால் கொம்பனிக்கு முறைப்பாடு குடுக்காமல் நேர அங்க போனால் "முதல்ல அவையட்ட குடுத்தனீங்களோ" எண்டு தான் கேப்பினம், அதால சீல் அடிச்ச கடிதம், முறைப்பாட்டு இலக்கம், அவை தந்த பதில், பில், எல்லாத்தின்ர கொப்பியும் சேர்த்து அனுப்புங்கோ. பதில் தராமல் இழுத்தடிச்சால் அதையே முறைப்பாடா எழுதலாம். நான் 1900க்கு எடுத்து விபரம் கேட்டிட்டன் எண்டு கொம்பனிக்குச் சொன்ன கிழமை தான் அந்த மூவாயிரம் கழிஞ்சது.

வயரில கொழுவி எடுத்த களவு எண்டால் உங்கட பொலிஸில முறைப்பாடு போட்டு அதின்ர இலக்கத்தை கொம்பனிக் கடிதத்தில எழுதவேணும். வாங்கிரிக்கு பொலிஸில போய் மினக்கெட்டு எனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை.

10. திரும்ப வராமல்

ஐடிடியை பூட்டினபடியே விடுங்கோ. வெளிநாட்டுக்குக் கதைக்கத் தான் வாட்ஸ்அப், வைபர், ஐஎம்ஓ எல்லாம் கிடக்கே, வீட்டு போனில இருந்து வெளிநாட்டுக்கு அடிக்கவேண்டிய தேவை இப்ப எந்த வீட்டில இருக்கு. கட்டாயம் வேணும் எண்டால் ரகசிய இலக்கம் அடிச்சுத் திறக்கிற பூட்டு இருக்கோ எண்டு உங்கட கொம்பனியைக் கேளுங்கோ, இருந்தால் அந்த இலக்கத்தை போனுக்கு அடியில எழுதி ஒட்டாதேங்கோ, நான் போய்ப் பாத்த மூண்டு வீட்டில ரெண்டு வீட்டில அப்பிடித்தான் ஒட்டியிருந்தது.

பில்லை எஸ்எம்எஸ்ஸிலயோ மெயிலிலயோ உங்கட கைபோனுக்கு வரப் பண்ணுங்கோ, தபாலை நம்பி அம்மம்மாவின்ர சாமித்தட்டில கிடக்க விடாதேங்கோ.

வெளிநாட்டில இருக்கிற சொந்தங்களுக்கும் ஒரு மெசேஜ் போடுங்கோ: லைன் கிடைக்கேல்லை எண்டால் நீங்களே திருப்பி எடுங்கோ, இஞ்ச இருந்து ஒருத்தரும் எடுக்க மாட்டினம், அதுக்காகக் கோவிக்காதேங்கோ எண்டு. மாமா கோவிச்சவர் தான், பிறகு பில்லைப் படம் எடுத்து அனுப்பினன்.

கடைசியா, போனுக்கு மேல சுவரில ஒரு மட்டை. எங்கட வீட்டில கலண்டர் மட்டையின்ர பின்பக்கத்தில மார்க்கர் பேனையால பெரிசா எழுதியிருக்கிறன், "ரெண்டு சைபர் எண்டால் எடுக்காத. பத்துக்கு மேல எண்டால் எடுக்காத." அம்மம்மா அதுக்குக் கீழ பென்சிலால மாமாவின்ர நம்பரை எழுதி வைச்சிருக்கிறா. ஐடிடி பூட்டியிருக்கிறது அவவுக்குத் தெரியும், இருந்தாலும் கிடக்கட்டாம்.